கழுவிய குரல்

“தொண்ணூத்தாறுங்கக்கா. போன ஞாயித்துக்கிழமை சரியா நாலு இருபத்திரெண்டுக்கு. அப்புறம் சர்வர் கண்ணை மூடிருச்சு. இன்னிக்கும் மூடுச்சுன்னா நானும் சேந்து மூடிக்க வேண்டியதுதான்.”

போனில் பேசிய தண்டபாணிக்கு முப்பத்தெட்டு வயது. இணையம் வழியாகத் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனிக்கு முதலாளி. சொன்ன சேதிதான் பயமாக இருந்தது. குரல் என்னவோ வெண்கலம் மாதிரி கணீரென்று இருந்தது. ‘கப்பல் கவிழ்ந்தாலும் கலங்காத பிள்ளை’ என்று மங்கையர்க்கரசி எப்போதும் போல நினைத்துக்கொண்டாள்.

“மணி ரெண்டே முக்கால்தான் ஆகுது தம்பி. நாலு மணிக்குள்ள என்னன்னு பாத்துடறேன். நீங்க பதறாதீங்க.”

“வெளியில இருந்து எவனோ கதவைத் தட்டறான்கக்கா. ஓசியில பேசறதுக்கு நம்ம லைனத் திருடப் பாக்கறான். வழியெல்லாம் அடைச்சு வச்சிருக்கேன்.”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

கோவை கணபதியில், டயர்க் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அலுவலகம். மங்கையர்க்கரசிக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் பாதி வயது தொலைபேசி இயந்திரங்களோடு போனது. முன்னால் இரண்டு திரைகள். ஒன்றில் சர்வரின் மூளையான சிபியு நூற்றுக்கு எவ்வளவு சுமக்கிறது என்று காட்டும் கோடு. இப்போது பதினொன்றில் படுத்திருந்தது.

“மேடம், காலைச் சித்தெ தூக்குங்க,” என்று துடைப்பானோடு வந்தாள் நாச்சம்மா. அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, டீ போட்டுக் கொடுப்பவள். மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் இங்கேதான் இருக்கிறாள். “இன்னிக்காச்சும் லைன் கட்டாகாம இருக்குங்களா?”

“ஏன் நாச்சம்மா?”

“போன வாரம் மோனி பேசிட்டிருக்கறப்ப டொப்புன்னு போயிருச்சுங்க. ‘அம்மா, ஒண்ணு சொல்லோணும்’னா. அவ்வளவுதான். ஏழு நாளா, என்ன சொல்ல வந்திருப்பாளோ, என்ன சொல்ல வந்திருப்பாளோன்னு சோறு எறங்கலைங்க.”

மோனிஷா அவளுடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. பல்லடம் தாண்டி ஒரு நூல் மில்லில் வேலை, அங்கேயே விடுதி.

“நீங்க திருப்பிக் கூப்பிட வேண்டியதுதானே?”

“ஆருங்க விடறா? செல்லையெல்லாம் வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டிக்குவாங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணியில இருந்து அஞ்சு மணி. வரிசையாப் பதினாறு போனு. ஆளுக்கு ஆறு நிமிசம். கட்டானா கட்டானதுதான், அடுத்த வாரந்தான். எம் புள்ளைக்கு நாலாவது வரிசை, நாலு பதினெட்டுக்கு.”

“இன்னிக்குக் கட்டாகாது,” என்று சொல்லிவிட்டாள் மங்கை. சொன்ன பிறகுதான், எதை வைத்துச் சொன்னோம் என்று யோசித்தாள்.

முதலில் தண்டபாணி சொன்ன திருடனைத் தேடினாள். திருடன் வந்து தட்டியது உண்மைதான். ஆனால் அவன் எல்லா நாளும் தட்டுகிறான், ஞாயிறு நாலு மணிக்கு என்று நேரம் பார்த்து வருவதில்லை. அடுத்து, அழைப்புகளைப் பதிவு செய்யும் வேலை ஓடுகிறதா என்று பார்த்தாள். அது போன மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. பிறகு அழைப்புகளை எண்ணினாள். அங்கேதான் குழப்பம் கூடியது. நிலம் விற்பவர்கள் திங்கட்கிழமை காலையில் ஒரே சமயத்தில் முந்நூறு பேர் பேசினாலும் சிபியு பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. ஞாயிறு மாலையில் பேசுவது பதினாறே போன். முதல் ஞாயிறு முப்பத்தெட்டு. அடுத்தது ஐம்பத்தேழு. பிறகு எழுபத்தொன்பது. போன வாரம் தொண்ணூற்றாறு. அதே பதினாறு போன், அதே ஆறு நிமிடம்.

“அதே வண்டி, அதே மூட்டை. மாடு மட்டும் ஏன் வாராவாரம் நுரை தள்ளுது?” என்று வாய்விட்டே சொன்னாள்.

“என்னங்க மேடம், மாட்டுக்கு என்னங்க?”

“ஒண்ணுமில்ல நாச்சம்மா. ஒரு டீ போடுங்க.”

மூன்றரை மணிக்கு அகப்பட்டது. போன வாரம் சர்வர் விழுவதற்கு முந்தைய நொடியில் எந்தப் புரோகிராம் எவ்வளவு தின்றது என்ற பட்டியல். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் தின்றது ஒன்றே ஒன்று. அதன் பேரை மங்கை இரண்டு முறை படித்தாள். அதை எழுதியவளே அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர், கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நரம்புத் தளர்ச்சியால் குரல் உதறும். எங்கே போன் செய்தாலும் குடித்திருக்கிறார் என்று வைத்துவிடுவார்கள். அவருக்காகத்தான் மங்கை அதை எழுதினாள்: குரலில் நடுக்கம் வந்தால் பிரித்து, சலித்து, அவருடைய குரலிலேயே நேராகக் கோத்து அனுப்பிவிடும். அவர் நன்றி சொல்லப் போன் செய்தபோது அழுதாராம். அவருடைய மனைவி பிற்பாடு சொன்னாள். மங்கைக்கு அது கேட்கவே இல்லை.

தண்டபாணி அதற்கு ‘நிம்மதிக் குரல்’ என்று பெயர் வைத்து விடுதிகளுக்கு விற்றான்.

போனை எடுத்தாள். “தம்பி, கண்டுபிடிச்சுட்டேன். நிம்மதிக் குரல்தான் சிபியுவத் தின்னுது.”

“அது எப்படிங்கக்கா? ரெண்டு வருசமா ஓடுதே?”

“குரல் நேரா வந்தா அதுக்கு வேலையே இல்லை, தொடாம விட்டுரும். நடுங்கினாத்தான் ஒவ்வொரு மூச்சையும் பிரிச்சுப் பின்னணும். வேலை கூடுதுன்னா நடுக்கம் கூடுதுன்னு அர்த்தம். நாலு வாரமா அந்த விடுதியில அழுகை ஏறிட்டே போகுது தம்பி.”



“புதுசாச் சேந்த புள்ளைங்களா இருக்குங்கக்கா. வீட்டு நெனப்பு.”

“புதுசா யாரும் சேரலை. அதே நூத்தி அறுபது பேர்.”

“செரி, நாளைக்குக் காலையில இன்னொரு மெஷின் வந்துரும். சுமைய ரெண்டாப் பிரிச்சுக்கலாம். இன்னிக்கு ஒருநாள் எப்படியாச்சும் தள்ளிருங்க.”

“தள்ள முடியாது. நிம்மதிக் குரலை நிறுத்தினா ஒரு நொடியில பத்துக்கு எறங்கிரும்.”

“அதை மட்டும் தொட்ராதீங்க! மில்லுக்காரங்க நம்மகிட்ட வந்ததே அதுக்குத்தானே? புள்ளை போன்ல விசும்புனா மக்யா நாளே ஆத்தாக்காரி கேட்டுல வந்து நிக்கறா, கூட்டிட்டுப் போறேங்கறா. மிசினுக்கு ஆளில்லாமப் போயிருது. அதான்…”

“எங்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே தம்பி. பெத்தவங்க நிம்மதியா இருக்கட்டும்னு.”

“அதுவுந்தானுங்கக்கா,” என்றான் கணீரென்று.

மங்கை போனை வைத்தாள். மணி மூன்று நாற்பத்தேழு. நாச்சம்மா டீயை மேசையில் வைத்துவிட்டுத் தன் செல்லைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தெளிவாகக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை.

“நாச்சம்மா, மோனி போன்ல எப்படிப் பேசுவா?”

“சிரிச்சுச் சிரிச்சுத்தான் பேசுவாங்க. அங்கே தக்காளி சோறு, இங்கே சினிமா போட்டாங்கன்னு. ஊட்டுல இருக்கறப்ப எம்மேல எரிஞ்சு விழுவா. அங்க போயி ரெண்டு மாசத்துல குணமே மாறிப்போச்சு. விடுதிக்காரங்க நல்லா வளத்துறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

வாடிக்கையாளர் பேச்சை ஒட்டுக் கேட்பதில்லை என்பது மங்கையின் விரதம். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. “நாச்சம்மா, இன்னிக்கு நீங்க பேசறப்ப நான் இங்கிருந்து கேக்கலாமா? லைன்ல என்ன கோளாறுன்னு பாக்கணும். நீங்க வேண்டாம்னா வேண்டாம்.”

நாச்சம்மா யோசித்தாள். அவ்வளவு நேரம் யோசிப்பாள் என்று மங்கை எதிர்பார்க்கவில்லை.

“கட்டாகாம இருக்கோணும். அதுக்குன்னாக் கேளுங்க.”

நாலு மணிக்குக் கோடு எழுந்தது. பதினொன்று, முப்பது, ஐம்பத்திரண்டு. முதல் வரிசை முடிந்து இரண்டாவது வந்தபோது அறுபத்தெட்டு. சர்வர் இருந்த குளிர் அறையில் மின்விசிறிகள் இரைந்தன. மூன்றாவது வரிசையில் எண்பத்தைந்து. மங்கை வேறு எல்லா வேலைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். இரண்டு புள்ளி இறங்கி, மூன்று புள்ளி ஏறியது. 

நாலு பதினெட்டு. நாச்சம்மா செல்லைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய் முதுகு காட்டி நின்றாள்.

மங்கை ஹெட்போனை மாட்டினாள். வலது காதுக்குச் சர்வர் அனுப்பும் குரல். இடது காதுக்கு, சர்வருக்குள் நுழையும் முன் விடுதியிலிருந்து வரும் குரல். வலது பக்கம் கழுவியது, இடது பக்கம் கழுவாதது.

“அம்மா, நல்லா இருக்கேம்மா,” என்றது வலது காது, பூப்போல.

இடது காதில் அது வார்த்தையாகவே இல்லை. பல் கிட்டித்த வாய்க்குள் மூச்சு முட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக உதறி உதறி விழுந்தது. பின்னால் ஒரு பெண்ணின் அதட்டல்: “சீக்கிரம் பேசு, சிரிச்சுப் பேசு.” அதையும் சர்வர் இரைச்சல் என்று கழித்துவிட்டிருந்தது.

“சாப்டியா சாமி?”

“சாப்டேம்மா. நீ சாப்டியா?”

“ஆச்சு கண்ணு. ஊட்டுல கத்திரிக்காக் கொழம்பு வச்சேன். உன்ற நாய்க்குட்டி நீ படுக்கற எடத்துலதான் படுத்துக்குது.”

தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு.

“அம்மா, போன வாரம் ஒண்ணு சொல்ல வந்தேன்ல…”

தொண்ணூற்று நான்கு. இன்னும் ஒரு நிமிடத்தில் சர்வர் விழுந்துவிடும். விழுந்தால் இந்தப் பெண் சொல்ல வந்தது இன்னும் ஏழு நாளைக்கு அவள் தொண்டையிலேயே நிற்கும். நிம்மதிக் குரலை நிறுத்தினால் தண்டபாணியின் கம்பெனி நிற்கும். மங்கைக்குத் தான் எழுதிய புரோகிராமின் பெயர் திரையில் தெரிந்தது. பக்கத்தில் ‘நிறுத்து’ என்ற பொத்தான். தொண்ணூற்றைந்து.

அழுத்தினாள்.

கோடு செங்குத்தாக விழுந்தது. ஒன்பது. மின்விசிறிகள் அடங்கின. இப்போது இரண்டு காதிலும் ஒரே குரல்தான்.  தாய் இப்போது மகளின் அழுகையைக் கேட்பாள், என்னாச்சு கண்ணு என்று பதறுவாள்…

கேட்டது மகள்தான்.

“அம்மா! ஏம்மா அழற?”

மங்கை திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் முதுகு காட்டி நின்ற நாச்சம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது: அழைப்பு என்றால் இரண்டு முனை. சர்வர் இரண்டு முனையையும் கழுவியது. அவள் ஒரு முனையை மட்டுமே கணக்கில் வைத்திருந்தாள்.

“நான் எங்க சாமி அழறேன்… நீ ஏன் இப்படிப் பேசற? மோனி! நீ அழறயா?”

“கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கும்மா. ஒண்ணுஞ் சாப்பிட முடியல. இங்க நெறையப் பேருக்கும்மா. தண்ணிதான்னு சொல்றாங்க. ஊட்டுல சொன்னா சீட்டக் கிழிச்சுருவோம்னு… வந்து கூட்டிட்டுப் போம்மா…”

டக். வெட்டியது சர்வர் அல்ல, விடுதி. திரையில் பதினாறு இணைப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

நாச்சம்மா செல்லைப் பார்த்தபடி நின்றாள். “என்ன பண்ணீங்க மேடம்? நான் அழுதது எம் புள்ளைக்குக் கேட்டுருச்சே!”

“அவளுக்கு உடம்பு சரியில்ல நாச்சம்மா. கெளம்புங்க. கார் கீழதான் இருக்கு.”

கார் சூலூர் தாண்டியது. நாச்சம்மா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “கொழம்பெல்லாம் பொய்யுங்க. அந்தப் பெரிய மழையில வாய்க்கா பொங்குச்சுல்லங்க, ஊட்டுச் சொவரு உழுந்துருச்சு. உங்க ஸ்டோர் ரூம்லதான் மூணு வாரமாப் படுத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க. வாட்ச்மேன்கிட்டச் சொல்லிட்டுத்தான்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அவகிட்டயும் ஒருநாள் வாய் தவறி வந்துரும்ங்க. அவ வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவா. போன்ல பேசறப்பத்தானுங்க எனக்கு அடக்க முடியாது. ஆனா அழுதுட்டே பேசுனாலும் அந்தப் புள்ளை ஒண்ணும் கேக்காது. சாமி புண்ணியத்துல தெரியலைன்னு இருந்தேன்.”

மங்கையின் செல் அடித்தது. அலுவலகக் கணக்கில் வரும் அழைப்பு. அதையும் தண்டபாணி நிம்மதிக் குரல் வழியாகத்தான் போட்டு வைத்திருந்தான்.

“அ…அக்கா… மில்லுல இருந்து கூப்பிட்டுட்டே இருக்கறாங்க… திருப்பிப் போட்ருங்கக்கா… கெஞ்சிக் கேக்கறேன்…”

யாரோ வேறு ஆள் என்று ஒரு நொடி நினைத்தாள். அந்தக் குரல் காற்றில் மாட்டிய காகிதம் போலப் படபடத்தது. இரண்டு வருடமாக அவனைப் போனில்தான் கேட்டிருக்கிறாள். இவ்வளவு பயந்தவன் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

“தம்பி, நீங்க சாப்பிட்டுக் கொஞ்சம் படுங்க. நான் மில்லுக்குத்தான் போயிட்டிருக்கேன். நானே பேசிக்கறேன்.”

மில் வாசலில் ஏற்கெனவே நாலைந்து வண்டிகள் நின்றன. பக்கத்து ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டு வந்திருந்தார்கள். லுங்கியோடு ஒருவர், கையில் மாவோடு ஒரு பெண். பூட்டிய கேட்டுக்கு உள்ளே செக்யூரிட்டி நின்றார்.

“ஞாயித்துக்கிழமை யாரையும் உள்ள உடறதில்லைங்க. எல்லாப் புள்ளைங்களும் நல்லா இருக்காங்க. வேணும்னா இந்த போன்ல பேசிக்குங்க,” என்று கம்பி வழியாக ஒரு கருவியை நீட்டினார்.

நாச்சம்மா அதைத் தொடவில்லை. “போனு வேண்டாமுங்க. ஆளை வரச் சொல்லுங்க.”

பேச்சு தடித்தது. விடுதிப் பொறுப்பாளர் வந்தார், பிறகு மானேஜர் வந்தார். நாளைக்கு டாக்டர் வருகிறார் என்றார். யாரோ வதந்தி கிளப்பிவிட்டார்கள் என்றார்.

மங்கை முன்னால் போனாள். “உங்க போன் லைன் எங்க சர்வர்லதான் ஓடுது சார். யார் என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. எத்தனை பேர் குரல் நடுங்குச்சுன்னு மட்டும் தெரியும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நூத்தி அறுபதுல எழுபத்தொண்ணு. போன வாரம் சர்வர் விழறதுக்குள்ள பேசினது அறுபத்திநாலு பேர், அதுல அறுபது. நேரம், போன் நம்பர் எல்லாம் பதிவுல இருக்கு. அதை நான் கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கறதா, இல்ல நீங்க கேட்டைத் திறக்கறீங்களா?”

அவளுடைய குரலும் நடுங்கியது. அதைச் சரி செய்ய நடுவில் எதுவும் இல்லை.

மானேஜர் அவளைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நிற்பதைப் பார்த்தார். செக்யூரிட்டிக்குத் தலையசைத்தார்.

அரை மணி நேரம் கழித்து மோனிஷா வெளியே வந்தாள். இரண்டு தோழிகள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கண்ணின் வெள்ளை மாம்பழத் தோல் நிறத்தில் இருந்தது. நாச்சம்மா ஒன்றும் கேட்காமல் மகளைக் காரின் பின்சீட்டில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மங்கை வண்டியை எடுத்தாள்.

“மொதல்ல பெரியாஸ்பத்திரி,” என்றாள்.

“அப்புறம் ஊட்டுக்கு,” என்று மடியிலிருந்து முனகினாள் மோனிஷா.

 நாச்சம்மா மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“சாமி… உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். ஊடு…”

“தெரியும்மா. எங்க ரூம்ல இருக்கற செல்வி நம்ம தெருவுக்குப் பின்னாலதானே? மழை பேஞ்ச வாரமே அவங்கம்மா போன்ல சொல்லிருச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். “நீ கத்திரிக்காக் கொழம்புங்கற. நான் என்னத்தம்மா சொல்றது? உனக்கே தங்க எடமில்ல, இதுல நானும் காமாலையோட வந்து நின்னா எங்க படுக்க வெப்ப? அதான் சொல்லல. ஒவ்வொரு வாரமும் நீ சிரிச்சுப் பேசப் பேசத்தாம்மா எனக்கு அழுகை வரும்.”

நாச்சம்மா மகளின் நெற்றியில் கையை வைத்து, எடுத்து, திரும்ப வைத்தாள்.

“நாய்க்குட்டியாச்சும் இருக்குதாம்மா?”

“இல்ல கண்ணு,” என்றாள் நாச்சம்மா.